வூ-டாங் கிளானின் ‘கிரீம்’ பாடல் பணத்தைப் போற்றுகிறதா?

கேள்வி இதுதான்: நியூயார்க்கின் கறுப்பின ராப் குழுவான வூ-டாங் கிளானின் ‘கிரீம்’ பாடல், தெருவில் போதைப்பொருள் விற்றுப் பணம் சேர்ப்பதைப் பெருமையாகப் பேசுகிறதா, இல்லை வேறு எதையோ சொல்ல வருகிறதா? பாடியவர்கள் பிறகு வசதியாகிவிட்டார்களே, அது எந்தப் பணம்?

பல்லவியை மட்டும் கேட்டால் பெருமைதான். டி-ஷர்ட்டில் அச்சடிப்பதும், கச்சேரியில் கூட்டம் சேர்ந்து கத்துவதும் அந்தப் பல்லவியைத்தான். ஆனால் அதற்கு நடுவே இரண்டு நீளமான சரணங்கள் இருக்கின்றன. இவ்வளவு சம்பாதித்தோம் என்று தொகை சொல்லும் இடம் அவற்றில் ஒன்றே ஒன்று. மற்றபடி முழுக்கச் செலவுப் பக்கம்: கெட்டுப்போன உடம்பு, சிறை, துரத்தும் போலீஸ், தீராத மனச்சோர்வு. பாட்டை வரவு-செலவு நோட்டாக எடுத்துப் படித்தால் பொருள் தானாகப் பிடிபடும்.

முதலில் அடிப்படை விவரங்கள். 1993 நவம்பரில் லௌட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘என்டர் த வூ-டாங் (36 சேம்பர்ஸ்)’ ஆல்பத்தில் இந்தப் பாட்டு வந்தது. 1994 தொடக்கத்தில் தனி சிங்கிளாகவும் வெளியானது. இசை, குழுவின் தலைவர் ரிஸா. பாடியவர்களும் குழுவினரே: முதல் சரணம் ரேக்வான், இரண்டாவது இன்ஸ்பெக்டா டெக், பல்லவி மெதட் மேன். ‘கேஷ் ரூல்ஸ் எவ்ரிதிங் அரவுண்ட் மீ’ என்ற வாக்கியத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் தலைப்பு. என்னைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் பணம்தான் ஆள்கிறது என்று பொருள். பல்லவியின் கடைசியில் வரும் டாலர் முழக்கம் இவர்கள் உண்டாக்கியதல்ல. ஜிம்மி ஸ்பைசர் 1983-ல் பாடிய ஒரு பாட்டிலிருந்து வந்தது அது. அங்கே அது ஆடிக் களிக்கும் கூட்டத்துக்கான கூச்சல். பத்து வருஷம் கழித்து அதே கூச்சலை எடுத்து ஒரு சோகமான பியானோவின் மேல் வைத்தார்கள். வார்த்தை மாறவில்லை, சூழல்தான் மாறியது. பாட்டின் தந்திரத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.

இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் சரணங்களுக்குள் போக முடியாது. நியூயார்க் நகரத்தின் ஐந்து பெருவட்டங்களில் சுரங்க ரயில் வலையோடு இணையாதது ஸ்டேட்டன் ஐலண்ட் மட்டும்தான். மன்ஹாட்டனின் தெற்கு முனையிலிருந்து படகில் 25 நிமிடம். நகரத்தின் மற்ற பகுதிகள் அதை மறந்தே போயிருந்தன என்று சொல்லலாம். அந்தத் தீவின் வடகிழக்குப் பக்கத்தில்தான் குழுவில் பலர் வளர்ந்த பார்க் ஹில், ஸ்டேபிள்டன் அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. குங்ஃபூவுக்குப் பேர்போன சீன மடத்தின் பெயரால் தீவை அவர்கள் ‘ஷாவொலின்’ என்று அழைப்பது, மன்ஹாட்டனின் 42-ஆம் தெருத் தியேட்டர்களில் ஓடிய ஹாங்காங் குங்ஃபூ படங்களின் பாதிப்பு. முதல் சரணத்தில் ஷாவொலினுக்குக் குடிபோனோம் என்று வருவதைச் சீனாவோடு முடிச்சுப் போட வேண்டாம்; அப்பாவை விட்டுப் பிரிந்த அம்மா பிள்ளைகளோடு ஸ்டேட்டன் ஐலண்டுக்கு வந்தார் என்பதுதான் சேதி. (அதே வடபகுதியில் விக்டரி பொலிவார்டை ஒட்டிய டாம்ப்கின்ஸ்வில்லில் இன்று இலங்கைக் கடைகளும் உணவகங்களும் நிறைய. கொத்து ரொட்டி தேடி அங்கே போகிறவர்கள் பலருக்கு, வூ-டாங் பிறந்த குடியிருப்புகள் அவ்வளவு பக்கத்தில் இருப்பது தெரியாது.)

காலம், கிராக் கொக்கெயின் நகரத்தை மேய்ந்த காலம். கொக்கெயின் பொடியைச் சமையல் சோடாவும் தண்ணீரும் சேர்த்துச் சூடாக்கினால் கல்லாகிவிடும். பொடியை வாங்கப் பெரிய தொகை வேண்டும். கல்லைச் சின்னச் சின்னத் துண்டாக்கிச் சில டாலருக்கு விற்கலாம். பணக்காரர்களின் போதை தெருமுனைச் சில்லறை வியாபாரமானது இப்படித்தான். சில்லறை வியாபாரத்துக்கு ஆள் நிறைய வேண்டும், அதுவும் சிறு வயது ஆட்கள். 1990-ல் மட்டும் நியூயார்க் நகரத்தில் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள். பாட்டுக்குப் பின்னால் இருக்கும் தெரு இது.

இனி ரேக்வானின் சரணம். நகரத்தின் குற்றப் பக்கத்தில், செய்தித்தாளில் வரும் பக்கத்தில் வளர்ந்தேன் என்று தொடங்குகிறார். தங்களைப் போன்றவர்கள் பத்திரிகையில் ஏறுவது குற்றச் செய்தியாக மட்டும்தான் என்ற குத்தல் அதில் இருக்கிறது. அடுத்த வரிகளிலேயே, போட்டது பிறர் போட்டுக் கழித்த துணி என்று சொல்லிவிடுகிறார். உடனே தங்கப் பல், போலோ ரால்ஃப் லோரன் வாத்துச்சிறகு ஜாக்கெட். இந்த ஜாக்கெட்டைச் சாதாரண அலங்காரமாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. 1988 வாக்கில் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில், கிரௌன் ஹைட்ஸ் பகுதி இளைஞர்கள் ‘லோ-லைஃப்ஸ்’ என்று ஒரு கூட்டமாகச் சேர்ந்து, பெரிய கடைகளிலிருந்து போலோ துணிகளை அள்ளிக்கொண்டு ஓடுவதையே ஒரு கலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். படகோட்டம், பனிச்சறுக்கு, குதிரைப் பந்தாட்டம் என்று பணக்கார வெள்ளையர்களின் பொழுதுபோக்கை விற்ற கம்பெனி அது. அந்த வாழ்க்கை கிடைக்காதவர்கள் அதன் சட்டையையாவது எடுத்துக்கொண்டார்கள். ரேக்வான் சிறுவயதில் இருந்ததும் பிரவுன்ஸ்வில்தான். ஆகவே பாட்டில் போலோ என்று வந்தால், ‘எனக்கு எட்டாத வசதி’ என்று படிக்க வேண்டும்.

அடுத்து இருப்பது நிறையப் பேர் கவனிக்காத இடம். பளபளக்க ஒரே வழி போதைப்பொருள் காசுதான் என்கிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, பதினாறு வயதில் கஞ்சாவில் கிராக் தூள் கலந்து புகைக்கத் தொடங்கியதைச் சொல்கிறார். விற்க வேண்டியவன் வாடிக்கையாளன் ஆகிவிட்டான். தெருவில் இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. கையிருப்பைத் தானே தின்றால், சரக்கு கொடுத்தவனுக்குத் திருப்பித் தரப் பணம் இருக்காது. கடனை அடைக்கக் கொள்ளை. அவர் சொல்லும் வரிசையும் அதுவே: வீடு புகுவது, தீ விபத்துக்காகக் கட்டிடத்தின் வெளிப்புறம் பொருத்தியிருக்கும் இரும்புப் படிக்கட்டு வழியாகத் தப்புவது, கூடைப்பந்து மைதானத்தில் வெள்ளைக்காரப் பையன்களை மிரட்டிப் பிடுங்குவது. இத்தனைக்கும் பிறகு கணக்கு என்ன? வாழ்க்கை மேம்படவில்லை, அதே பழைய போலோ ஸ்வெட்டர். வருஷக்கணக்கில் இவ்வளவு செய்தும் ஒரு மாற்றுத் துணி மிஞ்சவில்லை. இந்த ஒரு வரியை நினைவில் வைத்திருப்பவர், பாட்டு பணத்தைக் கொண்டாடுகிறது என்று சொல்லவே மாட்டார்.

பிறகு, தப்பான பாதையில் போய்விட்டேன் என்று புரிந்தது என்கிறார். திருந்தப் போகிறார் என்று காது எதிர்பார்க்கிறது. அவரோ இன்னும் பெரிய, இன்னும் துணிந்த கூட்டத்தில் சேர்கிறார். அந்தத் தெருவில் பாதை மாற்றிப் போகிறவனுக்குக் கண்ணில் பட்ட வழி அவ்வளவுதான். இப்போது வியாபாரம் கிலோக் கணக்கில், சரக்கு கடல் கடந்து வருகிறது, பயணம் மினிவேனில், வாரத்துக்கு 40,000 டாலர். பாட்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்கும் ஒரே தொகை இதுதான். அடுத்த வரியில் டெக்-9 துப்பாக்கியைக் காட்டி மரியாதை கேட்கிறார், சரணம் முடிந்துவிடுகிறது. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார் என்று ஒரு சொல் இல்லை. வீடு வாங்கியதாக இல்லை, அம்மாவுக்குக் கொடுத்ததாகவும் இல்லை. பணம் வந்த அதே மூச்சில் அதைக் காக்கும் துப்பாக்கி வருகிறது.

அந்த 40,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ‘நாங்கள்’ சம்பாதித்தோம் என்பதுதான் அவர் சொல். கூட்டத்தின் மொத்த வரவு அது. அதிலிருந்து சரக்கு வாங்கிய விலை போக வேண்டும், கீழே நிற்கும் ஆட்களுக்கான பங்கு போக வேண்டும், பிடிபட்ட சரக்கின் நட்டம், வக்கீல் செலவு, ஜாமீன் எல்லாம் போக வேண்டும். இப்படிப்பட்ட வியாபாரத்தின் உள்கணக்கைப் பற்றி நம்பத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. சிக்காகோவில் கிராக் விற்ற ஒரு கும்பலின் கணக்குப் புத்தகங்கள் சமூகவியலாளர் சுதிர் வெங்கடேஷின் கைக்கு வந்தன. பொருளாதார நிபுணர் ஸ்டீவன் லெவிட்டோடு சேர்ந்து 2000-ல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். கும்பல் தலைவனுக்கு மணிக்கு ஏறக்குறைய 66 டாலர். தெருவில் நின்று விற்ற கடைநிலைப் பையனுக்கு மணிக்கு மூன்றேகால் டாலர் சுமார். சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே 1991-லிருந்து 4.25 டாலர். அதிலும் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து நின்ற பையன் கொல்லப்பட நான்கில் ஒரு வாய்ப்பு. பலர் பகலில் வேறு வேலைக்கும் போனார்கள், அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். சிக்காகோ வேறு, நியூயார்க் வேறு என்பது சரி. ஆனாலும் ‘அதே ஸ்வெட்டர்’ வரி ஏன் உண்மையாக ஒலிக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம். இவ்வளவு குறைந்த கூலிக்கு ஏன் நின்றார்கள்? ஒருநாள் தலைவன் ஆகலாம் என்ற ஆசைக்காக. மெதட் மேனின் பல்லவி விற்பது அந்த ஆசையைத்தான்.

இன்ஸ்பெக்டா டெக்கின் சரணம்தான் பாட்டின் முதுகெலும்பு என்பது என் கணிப்பு. ரேக்வான் சம்பவங்களாக அடுக்குகிறார், டெக் யோசிக்கிறார். இருபத்திரண்டு நீண்ட கடினமான வருஷங்கள், இன்னும் போராட்டம் என்று ஆரம்பம். 1970-ல் பிறந்தவர், பாட்டு உருவான காலத்தில் கிட்டத்தட்ட அந்த வயதுதான். அந்த வயதில் ‘வந்து சேரும்போது உயிரோடு இருக்கிறேன்’ என்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போதே இறந்திருந்தார் என்று பதிவேட்டில் எழுதும் வாசகத்தைத் திருப்பிப் போட்ட வரி அது. பணம் பண்ணக் கனவும் திட்டமும் இருந்தன, தோற்றன, பதினைந்து வயதில் சிறை. இவ்வளவும் சில வரிகளுக்குள். தலைப்பில் இருக்கும் அதே சொல் தோல்வியோடு சேர்ந்து வருவது இங்கேதான்.

பதினைந்து வயதுப் பையன் சிறைக்குப் போவது எப்படி என்று சந்தேகம் வரலாம். நியூயார்க் மாநிலம் 1978-ல் கொண்டுவந்த சட்டப்படி, கடுமையான குற்றச்சாட்டு என்றால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளையும், கொலை என்றால் பதின்மூன்று வயதுப் பிள்ளையையும் பெரியவர்களின் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். பதினாறு ஆகிவிட்டால் எந்தக் குற்றத்துக்கும் பெரியவர் கணக்குதான். அந்த வயதை உயர்த்தும் சட்டம் 2017-ல்தான் நிறைவேறியது. போதைப்பொருளுக்கோ, மாநில ஆளுநர் ராக்ஃபெல்லரின் பெயரால் அழைக்கப்படும் கடுமையான சட்டங்கள். 1973-ல் வந்தவை. இந்தப் பாட்டின் காலத்தில் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவு கொக்கெயின் விற்றாலே குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள் வரை. மத்திய அரசின் 1986 சட்டம் இன்னொரு பக்கம்: 500 கிராம் பொடி வைத்திருந்த வியாபாரிக்கு என்ன குறைந்தபட்சத் தண்டனையோ, அதே ஐந்து ஆண்டு 5 கிராம் கிராக்குக்கும் உண்டு. ஒன்றுக்கு நூறு என்ற இந்த விகிதம் 2010-ல்தான் ஒன்றுக்குப் பதினெட்டாகக் குறைந்தது. பொடியை விற்றவரைவிடக் கல்லை விற்ற தெருப் பையன் மேல் சட்டம் எத்தனை மடங்கு பாய்ந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நீதிமன்றம் என்னைக் குறைத்து நடத்தியது என்ற டெக்கின் வரியைப் புலம்பலாக எடுத்துக்கொள்ளாமல் இந்த எண்களோடு வைத்துப் படியுங்கள்.

அதற்குப் பிறகு பேருந்து. மாநிலத்தின் வடபகுதிச் சிறைகளுக்கு, கைவிலங்கோடு, பேருந்தின் பின்பகுதியில், நாற்பது பேர். முதல் சரணத்தில் வாரத்துக்கு நாற்பதாயிரம், இரண்டாவது சரணத்தில் விலங்கிட்ட நாற்பது பேர். திட்டமிட்டு வைத்ததோ, தற்செயலோ, இரண்டு எண்களும் ஒன்றை ஒன்று பார்த்து நிற்கின்றன. இரண்டாவதைக் கேட்ட பிறகு முதலாவது முன்பு போல ஒலிப்பதில்லை.

சிறையிலிருந்து வெளியே வந்தாலும், உலகமும் சிறையறைபோலத்தான் என்கிறார். மாடிப்படி இடுக்கில் நின்று விற்பது, அங்கேயே கஞ்சா புகைப்பது, போலீஸ் துரத்தல். ஏன் புகைக்கிறேன் என்று தனக்கே தெரியவில்லை. அப்போதுதான் மனச்சோர்வு இல்லாமல் இருக்கிறது என்கிறார். அடுத்த வரியிலேயே, இன்னும் சோர்வாகத்தான் இருக்கிறேன் என்று தன்னைத் தானே திருத்திக்கொள்கிறார். 1993-ல், நெஞ்சை நிமிர்த்திக் காட்டுவதே வழக்கமாக இருந்த ராப்பில், ஒருவன் தன் மனச்சோர்வை இப்படி நேராகச் சொல்வது அபூர்வம். கைவிட்டுவிடலாம் என்ற நிலையில் ‘ஓல்டு எர்த்’தைத் தேடிப் போகிறார். பழைய பூமி என்று நேராக எடுத்துக்கொண்டு ஏதோ ஆன்மிகப் பயணம் என்று எழுதுபவர்கள் உண்டு. 1964-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய ஃபைவ் பர்சென்டர் என்ற கறுப்பினத்தவர் இயக்கத்தின் பேச்சுவழக்கில் அது அம்மாவைக் குறிக்கும். வூ-டாங் உறுப்பினர்கள் அந்த இயக்கத்தின் சொற்களில் ஊறியவர்கள். அம்மா சொல்லும் அறிவுரை மிகச் சாதாரணமானது: உழைத்தால் தாங்கிக்கொள்ளலாம், வலியைத் தாண்டிவரக் கற்றுக்கொள்ளலாம். பணக்காரன் ஆகலாம் என்று அவர் சொல்லவில்லை. பாட்டில் பணத்துக்கு மாற்றாக வைக்கப்படும் ஒரே விஷயம் இது, அதுவும் பெரிய வாக்குறுதி எதுவும் இல்லாதது.

கடைசியில் டெக் தானே அறிவுரை சொல்பவராகிறார். தன்னைச் சாட்சியாக வைத்து அடுத்த தலைமுறைப் பையனிடம் உண்மையைச் சொல்லப் போகிறார். பையன் புகைத்துக்கொண்டும் பீர் குடித்துக்கொண்டும் திரிகிறான், காதில் ஓதுவதைக் கேட்கும் எண்ணமே இல்லை. அந்த இடத்தில் சரணம் முடிந்து, மறுபடி மெதட் மேனின் பல்லவி முழங்குகிறது. பையன் காதில் விழுவது அதுதான். முப்பது வருஷமாகப் பல்லவியை மட்டும் கேட்டுவிட்டுப் பாட்டு பணத்தைப் புகழ்கிறது என்று சொல்பவரும் அந்தப் பையனின் இடத்தில்தான் நிற்கிறார். பாட்டு தன்னைத் தவறாகக் கேட்கப்போகிறவனையும் உள்ளே எழுதி வைத்திருக்கிறது.

சரணங்களின் வரிசையை மாற்றிப் பாருங்கள்: டெக் முதலில், ரேக்வான் பின்னால். சிறுவயதில் சிறை, சோர்வு, அம்மாவின் அறிவுரை, பிறகு வாரத்துக்கு 40,000. வழக்கமான வெற்றிக் கதை ஆகிவிடும். உச்சத்தை நடுவில் வைத்து, அதன் பின் பேருந்தை வைத்ததால்தான் இது வேறு பாட்டாக இருக்கிறது.

அதற்காக இதை நீதிபோதனை என்று சொல்லிவிடவும் முடியாது. பணத்தைச் சம்பாதி என்ற கட்டளையும் பல்லவியில் இருக்கிறது. ரேக்வான் எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. பணம் ஆள்கிறது என்பது புவியீர்ப்பு இருக்கிறது என்பது போன்ற அறிவிப்பு. பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. ஆளப்படுகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்பதைச் சரணங்கள் சொல்கின்றன, அவ்வளவுதான்.

இசையும் அதே பக்கம்தான் நிற்கிறது. அந்தப் பியானோ த சார்மெல்ஸ் என்ற பெண்கள் குழு 1967-ல் பாடிய ‘ஆஸ் லாங் ஆஸ் ஐ’வ் காட் யூ’ பாட்டின் தொடக்கத்திலிருந்து வெட்டியது. நீ என்னோடு இருக்கும் வரை என்று அர்த்தம். ரிஸா அதைச் சுழற்சியாக்கி, எங்கும் போய்ச் சேராமல் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வர விட்டிருக்கிறார். துள்ளல் இல்லை, ஒலியில் கொஞ்சம் புழுதி. கொண்டாட்டப் பாட்டு என்று நினைப்பவர்கள் பியானோவை மட்டும் ஒருமுறை கேட்டால் போதும்.

இரண்டாவது கேள்வி, அந்தப் பணம். ஆல்பம் புரூக்ளினின் ஃபயர்ஹவுஸ் ஸ்டுடியோவில், மிகக் குறைந்த செலவில் பதிவானது. முதல் சிங்கிளைக் குழு தானே அச்சிட்டு விற்றது. அது ஓடிய பிறகுதான் கம்பெனிகள் வந்தன. லௌடோடு ஒப்பந்தம் போட்டபோது ரிஸா ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார்: குழு லௌடுக்கு, ஆனால் ஒவ்வொருவரும் தனி ஆல்பத்துக்கு எந்தக் கம்பெனியோடும் போகலாம். அப்போது இது நடைமுறையில் இல்லாத நிபந்தனை. அதன்படி மெதட் மேன் டெஃப் ஜாமுக்கும், ஓல் டர்ட்டி பாஸ்டர்ட் எலெக்ட்ராவுக்கும், ஜிஸா கெஃபனுக்கும் போனார்கள்; ரேக்வான் லௌடிலேயே இருந்தார். ஒரே பெயரை வைத்துப் பல கம்பெனிகளிடமிருந்து முன்பணம் வாங்கியதோடு, 1990-களின் நடுவிலேயே ‘வூ வேர்’ என்று சொந்தத் துணி வியாபாரமும் தொடங்கினார்கள். பிறர் பெயர் தைத்த சட்டைக்காக ஓடியவர்கள், தங்கள் சின்னத்தைத் தைத்து விற்றார்கள்.

‘கிரீம்’ சிங்கிளாகப் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 60-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆல்பம் 2022-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் குழுவினரின் பெயர்களோடு, 1967 பாட்டை எழுதிய ஐசக் ஹேய்ஸ், டேவிட் போர்ட்டர் பெயர்களும் இருக்கின்றன. ஆக ‘கிரீம்’ ஈட்டும் உரிமைத் தொகையில் ஒரு பங்கு மெம்ஃபிஸ் நகரத்தின் ஒரு பழைய காதல் பாட்டுக்கும் போகிறது.